காருக்கு மூக்கு வைத்த குழாய் நைனா

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று முப்பத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். பானெட்டுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, பழந்துணியும் ஸ்க்ரூ டிரைவரும் போட்டு வைப்பதற்காகக் கம்பெனிக்காரன் கொடுத்த டப்பா என்பது என் இரண்டாவது நம்பிக்கை. இந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்து என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தன. அந்தக் கதைக்கு முன்னால் குழாய் நைனாவைச் சொல்லியாக வேண்டும்.

அம்பத்தூர் தொடங்கி ஆவடிவரை காற்றுக்கென்று ஒரு வக்கீல் இருந்தார் என்றால் அது அவர்தான். சேக்காட்டில் தகரப் பட்டறை. தொழிற்சாலைகளுக்குக் காற்றுக்குழாய், டீக்கடைகளுக்குப் புகைபோக்கி. பார்ப்பவரையெல்லாம் 'நைனா' என்பார். பதிலுக்கு ஊரே அவரை நைனா என்றது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

கழுத்தில் சிலுவை தொங்கும் ஜெபமாலை, சட்டைப் பையில் ஊதுவத்திக் கட்டு. பக்திமான் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டார். "அது காத்து இல்ல நைனா, சத்தம்" என்பார். குழாயைச் செங்குத்தாக மடக்கச் சொன்னால் கோபம் வந்துவிடும். "உன் முட்டிய இப்டி மடிச்சா வலிக்கும்ல? காத்துக்கும் வலிக்கும்." தெருமுனையில்கூட அவர் சட்டென்று திரும்ப மாட்டார். பத்தடி முன்னாலேயே வளைய ஆரம்பித்து, எதிர் வரிசை வீட்டுக் கோலத்தையெல்லாம் மிதித்து, அந்தப் பக்கமாக வெளியே வருவார்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன திருகாணிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் முதலாளிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, அதிகம் பேச மாட்டார். இன்னொன்று அவருடைய ஃபாரின் கார். ஏதோ தூதரகம் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்திருந்தார். அதில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. இஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் ஊதுபெட்டி. மற்ற கார்கள் தானாக மூச்சு விடும். இந்தக் காருக்கு, போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் சோற்றைத் தள்ளும் மாமியார் மாதிரி ஒரு ஆள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

முதலாளி சிங்கப்பூர் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். "தினம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. விஜயதசமிக்கு மறுநாள் மூணு மணிக்கு ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டு வா. வேற எதையும் தொடாதே."

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எஸ்டேட்டில் கழுவாத பொருளே கிடையாது. லேத்தைக் கழுவினோம், தராசைக் கழுவினோம், டைப்ரைட்டரைக்கூட ஒருவர் கழுவினார். முதலாளியின் கார் மட்டும் அழுக்கோடு சந்தனப் பொட்டு வாங்குவதா? பானெட்டைத் திறந்தேன். அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம், ஒரே தூசி. வாஷிங் சோப் போட்டுக் கும்மி, அலசிப் பிழிந்தேன். பிழியப் பிழிய அது கூழாகிக்கொண்டே வந்தது. பரவாயில்லை, காய்ந்தால் விறைப்பாகிவிடும் என்று டப்பாவையும் கூழையும் கேட் பக்கம் வெயிலில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பொரி மூட்டையும் பூசணிக்காயும் ஏற்றி வந்த வேன் ரிவர்ஸ் எடுத்தது. படீர் என்று ஒரு சத்தம். திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகுதான் பார்த்தேன். பெட்டி பதினேழு துண்டு. அப்போதெல்லாம் அந்தக் காருக்கு ஒரு நட்டு வேண்டுமென்றாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். முதலாளி வர இரண்டு நாள். கல்யாணமாகி மூன்று வருடம், கையில் ஒரு குழந்தை, வேறு வேலை கிடைக்கும் அளவுக்குத் திறமை எதுவும் கிடையாது. நசரத்பேட்டையில் என் மச்சான் செங்கல் சூளையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே கல் எண்ணும் வேலையில் நான் சேர்ந்துவிட்டதாகவும், அவன் என்னை 'யோவ்' என்று கூப்பிடுவதாகவும் நின்ற இடத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. துண்டுகளைப் பொறுக்கி, சோற்றுப் பசையால் ஒட்ட முடியுமா என்று பார்த்தேன் என்றால் என் நிலைமை புரியும்.

எங்கள் கம்பெனிக் குழாய்களைப் பராமரிப்பவர் என்ற முறையில் நைனா பொரி சாப்பிட வந்திருந்தார். வேன், துண்டுகள், நான் என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, காரோட மூக்க இட்டாந்து வெயில்ல காயப் போட்டுக்கீறே?"

"மூக்கா? ஸ்பேனர் டப்பா இல்லையா?"

நைனா தலையில் அடித்துக்கொண்டார். "கார் எதுல ஓடுது?"

"பெட்ரோல்ல."

"பெட்ரோலு ஊறுகாய் நைனா. காத்துதான் சோறு. நீ இன்னாடான்னா இலையவே கிழிச்சு வெச்சுக்கீறே."

"டப்பா இல்லாம ஓட்டினா?"

"ஓடும். ரோட்டுத் தூசியெல்லாம் வடிகட்டாம ஊதுபெட்டிக்குள்ள போயி அதோட பல்லு பேந்துடும். அதுவும் இல்லாம, இஞ்சினுக்கு மேல கீற காத்து வெந்து போன காத்து." கையில் இருந்த பொரியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தொ பாரு. வெந்த காத்து பொரி மாதிரி. மூட்டை பெருசாக் கீதே கண்டி உள்ள ஒன்யும் கெடையாது. ஜில்லுன்னு கீற காத்து அரிசி. அத்த வெளியேந்து குழா போட்டு இட்டாரணும். செஞ்சுடலாம், கவலப்படாதே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க நைனா, இப்பவே பட்டறைக்குப் போவோம்."

"இப்ப எப்டி? கத்திரி, சுத்தி எல்லாம் சாமி முன்னாடி கீது. நாளைக்குக் காலைல தான் எடுக்கணும்."

"நைனா, நீங்க வேதக்காரர்."

"நான் மட்டுந்தான் நைனா. பட்டறைல கீற மிஷினெல்லாம் இந்து. மெஜாரிட்டி சொல்றத கேக்கணுமா வேணாவா?"

கருவியைத் தொடக் கூடாதே தவிர, காரைத் தொடலாம் என்று அவரே ஒரு சட்டம் கண்டுபிடித்தார். காரைச் சேக்காட்டுக்கு ஓட்டிப் போனேன், தூசி போகாமல் ஊதுபெட்டி வாயில் ஒரு வேட்டியைச் சுற்றிக் கட்டி, மாட்டு வண்டி வேகத்தில். அங்கே அவர் பானெட்டுக்குள் கையைவிட்டுச் சாண் கணக்கில் அளந்தார். பிறகு பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி, பழைய சோற்றால் ஒட்டி, ஒரு குழாய் செய்தார். உள்ளே வைத்துப் பார்த்தார். கிழித்தார். இன்னொன்று செய்தார். சாயங்காலத்துக்குள் தரையெல்லாம் காகிதத் தும்பிக்கைகள். எனக்கு எதுவுமே விளங்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவரை தினத்தாளால் செய்த காரில் கூட்டிவரப் போகிறேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை தீபாராதனை முடிந்ததும் சந்தனப் பொட்டோடு கத்திரியை எடுத்தார். "இந்த வருஷத்துக்கு மொத வெட்டு உன்னுது" என்றார். தகரம் வெட்டினார், உருட்டினார், பற்ற வைத்தார். வளைவுகளை மட்டும் ஆறு துண்டாகச் சேர்த்து, வாழைப்பழம் மாதிரி வளைத்தார். தன் கம்ப்ரஸரில் இருந்த வட்ட ஃபில்டரைக் கழற்றிக் குழாயின் நடுவில் மாட்டினார். இஞ்சின் சூடு அண்டாமல் இருக்க ஒரு தகரத் தடுப்பு, அதன்மேல் சாக்குத் துணி. இணைப்புகளுக்கு சைக்கிள் டியூப். குழாயின் வாய் மட்டும் முன்பக்கக் கம்பிக்குப் பின்னால், பம்பருக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டது. காற்று நேராக வந்து அடிக்கும் இடம்.

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். நைனா ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டே போனார். ஃபில்டர் தாண்டிய இரண்டாவது இணைப்பில் புகை சடக்கென்று உள்ளே போனது. "திருடன் இங்க கீறான்" என்று அந்த இடத்தில் டியூபை இறுக்கினார். மறுபடியும் காட்டினார். புகை நேராக மேலே போனது. கடைசியில் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். கோயம்புத்தூரிலிருந்து டிரங்க் கால் போன் வந்ததுபோல முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா சொல்லுது?" என்றேன், எனக்கும் பழகிவிட்டிருந்தது.

"வயிறு நெறஞ்சிச்சாம்."

மூன்றாம் நாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது நைனா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஓட்டத்தில் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டுமாம். வானகரம் ரோட்டுக்குள் நுழைந்தோம், மழை பிடித்துக்கொண்டது. அயனம்பாக்கம் ஏரி ரோட்டைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீர்.

"நிறுத்து நைனா. தண்ணி குழாய் வாய்க்குள்ள போச்சுன்னா இஞ்சினு உள்ள எல்லாம் வளைஞ்சுடும். அப்பால உன் மொதலாளி உன்ன வளைச்சுடுவாரு."

மணி ஒன்றே முக்கால். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தெரிந்த எல்லா சாமியையும் அகர வரிசையில் கூப்பிட ஆரம்பித்தேன். நைனா குடையோடு இறங்கினார். பானெட்டைத் திறந்து, டியூபைத் தளர்த்தி, குழாயின் வாயை வானத்தைப் பார்க்கத் திருப்பினார். பானெட் இப்போது மூடாது. அதைப் பாதியில் கயிறு போட்டுக் கட்டினார். பக்கத்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்து குழாய்க்குக் குடை பிடித்தார். தன் தலைக்கு இல்லை.

தூக்கி நின்ற பானெட்டைத் தவிர எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. நைனாதான் என் கண்.

"லெப்ட்ல ஒடி. போதும். எரும ஒண்ணு போகுது, வழி உடு. இப்ப ரைட்டு, மெதுவா, வளைஞ்சு போ, வெட்டாதே."

எதிரே ஊர்ந்து வந்த பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர் எங்களை நிதானமாகப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, காருக்குப் பிரசவமா?"

"ஆமா மாமே, தலை வெளிய வந்துடுச்சு" என்றார் நைனா.

தண்ணீர் தாண்டியதும் குழாயைப் பழையபடி கீழே திருப்பி பானெட்டை மூடினார். போரூர் தாண்டி நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கார் என்னைப் பிடித்து சீட்டோடு தள்ளியது. பின்னால் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவர், "அரிசிச் சோறு நைனா, அரிசிச் சோறு" என்றார்.

மூன்று மணிக்கு ஏர்போர்ட்டில் இருந்தோம். முதலாளி வந்தார், காரைச் சுற்றி வந்தார், ஒன்றும் கேட்காமல் பானெட்டைத் திறந்தார். சந்தனப் பொட்டு வைத்த தகரக் குழாயைப் பார்த்தார்.

"ஏர்போர்ட் உள்ள ஒரு சூட்கேஸ் விட்டுட்டேன். எடுத்துட்டு வா" என்றார்.

ஓடினேன். திரும்பி வந்தபோது நைனா அங்கே இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். காற்று ஏதாவது கூப்பிட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் குழப்பத்தை ஆராய எனக்கு நேரமில்லை. மூன்று நாளாகத் தயாரித்த பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் கிளம்பியதும் முதலாளி கேட்டார். "பழைய பெட்டி எங்க?"

"எலி சார். கடிச்சுக் குதறிடுச்சு."

"பெரிய எலியா?"

"ஆட்டுக்குட்டி சைஸ் சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து அசல் பெட்டி பார்சலில் வந்தது. முதலாளி அதைப் பிரிக்காமலே ஸ்டோரில் வைக்கச் சொன்னார். காரை விற்கும்வரை நைனாவின் குழாய்தான் ஓடியது. நானோ, ஒரு எலியை வைத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்ட சாமர்த்தியசாலி என்று அடுத்த இருபது வருடம் கல்யாண வீடுகளிலெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். நைனா எதிரில் இருக்கும்போதும் அளந்திருக்கிறேன். வாய் நிறைய வெற்றிலையோடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்.

என் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போனேன். நைனா காலமாகி அப்போது இரண்டு வருடம். பேச்சுவாக்கில் எலிக் கதையை அவரிடமே எடுத்து, மன்னிப்புக் கேட்கிற சாக்கில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். முதலாளி வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார்.

"எலின்னு நீ சொல்றதுக்கு முன்னாடியே அந்தக் குழாய்க்காரர் சொல்லிட்டாரே. உன்னை சூட்கேஸ் எடுக்க அனுப்பினப்போ என்கிட்ட வந்தார். 'நான்தான் சார் ரிவர்ஸ் எடுக்கும்போது வேனை ஏத்திட்டேன். ஸ்டோர்காரர் மேல தப்பில்ல. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க'ன்னார். காருல ஏறச் சொன்னேன், சீட்டு ஈரமாயிடும்னுட்டு மழையிலயே பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டார்."

நைனாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.