கூண்டு ஏத்தியாச்சு

செந்திலாண்டவன் துணை

தாழையடி, திருச்செந்தூர் வழி,
சாதாரண வருஷம், ஐப்பசி மாதம்.

கனம் பொருந்திய மைத்துனர், பாளையங்கோட்டை அம்மையப்ப பிள்ளையவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பிரம்மநாயகியின் புருஷன் சிவசண்முகம் பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் தங்கையும், கலியாணப் பெண் சண்முகசுந்தரியும், பசுவும் கன்றும் சுகம். பசுவும் கன்றும் எங்களோடு வீட்டுக்குள்ளே பட்டாசலிலேயே படுத்திருப்பதால் அவற்றின் சுகம் எனக்கு மிகவும் கிட்டத்தில் தெரிகிறது. அவ்விடம் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என எழுதத்தான் கை வரவில்லை. கோபம் இறங்கியதும் அதையும் எழுதுகிறேன்.

வருஷத்தின் பெயர் சாதாரணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. போட்டவர் இங்கே வந்து பார்க்கவேண்டும். கலியாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பந்தல் இல்லை. பலகாரம் இல்லை. மாப்பிள்ளை உண்டா, இல்லையா என்பதே சந்தேகத்தில் நிற்கிறது. இத்தனைக்கும் காரணம் தாங்கள் சொல்லியனுப்பிய ஒரே ஒரு வார்த்தை.

போன புதன்கிழமை மத்தியானம், பந்தலுக்குக் கடைசிக் கீற்றைப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது கருப்பட்டி வியாபாரி தாஜ் முகம்மது வாசலில் வண்டியை நிறுத்தினார். தாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு வண்டிக்காரனிடம் சொல்ல, அவன் ஸ்ரீவைகுண்டத்தில் இவரிடம் சொல்ல, இவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, ஒங்க மச்சினரு சொல்லி விட்டிருக்காவோ. கூண்டு ஏத்தியாச்சாம். எப்ப எறக்குவாவோன்னு சொல்ல முடியாதாம். கலியாண வேலைய அதுக்கு மேல பாத்துக்கிடலாமாம்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

மைத்துனரே, கடற்கரையில் குடியிருப்பவனுக்குக் கூண்டு என்றால் ஒன்றுதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கொடிமரத்து உச்சியில் கூடை மாதிரி ஒன்றை ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் கடலில் புயல் கிளம்பிவிட்டது, தோணிக்காரன் கரையேற வேண்டும் என்று அர்த்தம். மாதமோ ஐப்பசி. சொன்னவரோ சர்க்கார் குமாஸ்தா. தந்தி வந்தால் தங்கள் மேஜையைத் தாண்டித்தானே போகும்? மச்சினர் எவ்வளவு அக்கறையாக முன்கூட்டியே சொல்லியனுப்பியிருக்கிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரைத் தாங்கள் திருப்பித் தரவேண்டும்.

உடனே பந்தலைப் பிரித்தோம். காற்று தூக்கிக்கொண்டு போய் எவன் தலையிலாவது போட்டால் பழி நமக்குத்தானே! பிரித்த கீற்றையெல்லாம் கிணற்றடியில் அடுக்கி, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தோம். தண்ணீர் இறைக்கும் கமலைக் கயிற்றை எடுத்து வீட்டுக் கூரையின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் முளையடித்துக் கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் முன்வாசல் கதவையும் சேர்த்துக் கட்டிவிட்டது தெரிந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அடுக்களை வழியாகத்தான் போக்குவரத்து. கலியாணப் பட்டை அண்டாவில் வைத்து, மூடிக்குச் சுற்றிலும் கோதுமை மாவைப் பிசைந்து அப்பியிருக்கிறோம். மாவு காய்ந்து கல்லாகிவிட்டது. புயலே வந்தாலும் அதைத் திறக்கமுடியாது, நாங்கள் எம்மாத்திரம்? பலகாரத்தைப் பற்றித் தங்கள் தங்கை ஒரு யோசனை சொன்னாள். "அதிரசம் நனைஞ்சா கூழாப் போவும். காத்துக்குக் குடுக்கதுக்குப் பதிலா மனுசங்களுக்குக் குடுப்போம்" என்றாள். நியாயம்தானே என்று தலையாட்டினேன். ஊர் முழுக்க வந்து உட்கார்ந்து, புயலைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டே, அதிரசத்தையும் முறுக்கையும் தேன்குழலையும் ஒன்று விடாமல் தின்று தீர்த்தது.

காற்றைக் கண்காணிக்கும் பொறுப்பை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் நேசையா ஏற்றுக்கொண்டார். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது ஊரில் அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அவர் தம்முடைய மேல்வேட்டியைக் கொடிக்கம்பில் கட்டிவிட்டு, "அண்ணாச்சி, காத்து கிழக்கேர்ந்து அடிச்சு வேட்டி பறந்துச்சுன்னா பள்ளிக்கூடத்து மணிய அடிப்பேன். அத்தன பேரும் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துரணும்" என்றார். கடற்கரையில் தினம் மத்தியானம் கிழக்கேயிருந்து கடற்காற்று வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். பயத்தில் அத்தனை பேருக்கும் மறந்துவிட்டது. தினம் மத்தியானம் வேட்டி பறந்தது, மணி அடித்தது, நாங்கள் குழந்தை குட்டியோடு ஓடினோம். உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் வேட்டி தொங்கியதும் வீட்டுக்கு வருவோம். அடுத்தடுத்த நாட்களில் பெண்கள் தாயக்கட்டையும் வெற்றிலைச் செல்லமும் எடுத்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்பே போய் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒருநாள் காலையில் கரையில் போய் நின்று, "வாரும்வே! வாரதுன்னா வந்து தொலையும்!" என்று கடலைப் பார்த்துச் சத்தம் போட்டேன். ஒரு நண்டு மட்டும் வளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சிரிக்காதீர்கள். இனிமேல்தான் சிரிக்கமுடியாத சங்கதி இருக்கிறது. புயல் நேரத்தில் சம்பந்தி வீட்டார் வழியில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதே என்று, அன்றைக்கே களக்காட்டுக்கு ஆள் அனுப்பி, "புயல் வருகிறது, இப்போது கிளம்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆவுடையப்ப பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தங்களுக்குத் தெரியும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால்கூட வேண்டுமென்றே தடவினதாக நினைப்பவர். போன ஆள் அவர் சொன்னதை அப்படியே வந்து ஒப்பித்தான்: "களக்காட்டுல ஒரு எல அசையல. பொண்ணு குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லணும்வே! என்னத்துக்குப் புயலு கியலுன்னு கத கட்டுதீரு? தை மாசம் வேற எடத்துல பேசிக்கிடுதோம்னு போய்ச் சொல்லு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரம்மநாயகி அடுக்களையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். சண்முகசுந்தரி மறுநாள் வந்து, "யப்பா, காத்து வரலன்னு நெசமாத் தெரிஞ்சா, அந்தப் பந்தக்கால மட்டுமாவது திரும்ப நட்டு வைங்க. வாசல் வெறிச்சுன்னு கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மைத்துனரே, அந்தப் பெண்ணுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, தகப்பனுக்குத் தெரியாதா?

இந்த நிலைமையில் இன்று காலை தாஜ் முகம்மது திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஒங்க மச்சினரு கூண்ட விட்டு எறங்கிட்டாவளா? ஏதோ முருங்க மரக் கேசாம்லா. எதிர்க்கட்சி வக்கீலு அவியள வறுத்து எடுக்குதானாம். அந்த வண்டிக்காரன இப்பத்தான் பாத்தேன், சொல்லிச் சொல்லிச் சிரிக்கான்."

நான் பசுவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதாவது, தாங்கள் பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்காகப் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருக்கிறீர்கள். "என்னைக் கூண்டுல ஏத்தியாச்சு" என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அந்த 'என்னை'யும் அந்த ஒற்றை 'ல'வும் ஸ்ரீவைகுண்டம் சாலையில் எந்தப் பள்ளத்தில் விழுந்தனவோ, என்னிடம் வந்து சேர்ந்தது "கூண்டு ஏத்தியாச்சு" மட்டும்தான். நேசையாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஏழாம் வேற்றுமைத் தொகை, அண்ணாச்சி. உருபு மறைஞ்சு வந்துட்டு. எலக்கணப்படி தப்பு இல்ல" என்றார். ஒரு உருபு மறைந்ததற்கு என் மகள் கலியாணமும் மறையவேண்டுமா? தாங்களே சொல்லுங்கள். ஒரு முருங்கைமரம் யாருடையது என்று கேட்டால், 'இன்னாருடையது' என்று சொல்லிவிட்டு இறங்கவேண்டியதுதானே? அது எந்த வருஷம் நட்டது, யார் நட்டது, காய் கசக்குமா இனிக்குமா என்றெல்லாம் தாங்கள் விஸ்தாரமாகப் பேசியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா தங்கள் வாய்?

ஆகவே, இந்தக் கடிதம் கண்டவுடன் தாங்கள் கூண்டிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே வண்டியேறிக் களக்காடு போகவேண்டியது. ஆவுடையப்ப பிள்ளையின் காலில் விழுவீர்களோ, கையைப் பிடிப்பீர்களோ, தாய்மாமன் பொறுப்பு. நடந்ததைச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரைக் கையோடு அழைத்து வரவும். புயலுக்குப் பயப்படவே வேண்டாம். செந்திலாண்டவன் சத்தியமாக இங்கே ஒரு இலை அசையவில்லை. கூரைக் கயிற்றையெல்லாம் இன்று காலையே அவிழ்த்துவிட்டேன். பந்தற்காலும் நட்டாயிற்று. நேசையாவும் தம் மேல்வேட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். செந்திலாண்டவன் தங்களுக்குத் தீர்க்காயுசையும், சுருக்கமாகப் பேசும் புத்தியையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள்மேல் இன்னும் கோபமாக இருக்கும்
சிவசண்முகம் பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். களக்காட்டுக்குப் போகவேண்டாம்.

கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை கோமதிநாயகம் தன்னந்தனியாக இறங்கினார். தலையெல்லாம் புழுதி. "என்ன மாப்பிள்ள, புயலுன்னு சொல்லி விட்டிருந்தேனே?" என்றேன். "அதான் மாமா வந்தேன்" என்றார். "புயலுன்னா கடல விட்டு ஓடுவாவோ, நீங்க கடலப் பாத்து வந்திருக்கியளே!" என்றேன். "நீங்க எல்லாரும் இங்கனதான இருக்கிய?" என்றார். 'எல்லாரும்' என்று சொன்னபோது அவர் பார்த்தது என்னையும் இல்லை, மாட்டையும் இல்லை. அப்பாவிடம் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். ஆவுடையப்ப பிள்ளை மகனைப் பிடித்துக்கொண்டு போக, உறவுக்காரர்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருகிறார் என்று வழியில் சேதி கிடைத்ததாம்.

இலை அசையவில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். இப்போது தென்னை மரமே வளைந்து ஆடுகிறது. கிழக்கே வானம் மைபோலக் கறுத்துவிட்டது. தூத்துக்குடியில் கூண்டு ஏற்றியாச்சு என்று தோணிக்காரர்கள் கரையேறிச் சொல்லுகிறார்கள். நேசையா அவர்களை நிறுத்தி, "கூண்டா, கூண்டுலயா?" என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டார். உருபு இல்லையாம். உடனே மணியடித்துப் பார்த்தார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இப்போது வீடு வீடாகப் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

சம்பந்தி வந்து சேர்ந்தால் காற்று அவரைத் திரும்பிப் போக விடாது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது ஒரு நல்ல நேரம் பார்த்துத் தாலியைக் கட்டிவிடலாம் என்கிறாள் தங்கள் தங்கை. நேசையாவும் சம்மதித்துவிட்டார். கலியாணப் பட்டு அண்டாவுக்குள்ளேயே இருப்பதால் பெண் பழைய சேலையில்தான் உட்காருவாள். தாஜ் முகம்மது இந்தக் கடிதத்தோடு மேற்கே கிளம்ப மாட்டைப் பூட்டிக்கொண்டு அவசரப்படுத்துகிறார். காற்று ஓய்ந்ததும் தாங்கள் எப்படியாவது வந்து சேரவும். கோபமெல்லாம் போய்விட்டது, தாங்கள் சுகமாக இருக்கவேண்டும்.

கூரைக்கு மறுபடியும் கயிறு போடுகிறார்கள். ஒரு முனையை மாப்பிள்ளை இழுத்துப் பிடித்திருக்கிறார். மறுமுனையைப் பிடித்திருப்பது யாரென்று பார்த்தால் சண்முகசுந்தரி. கலியாணத்துக்கு முன்னாலேயே இப்படியா என்று அதட்ட வாயெடுத்தேன். காற்றில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல், இரண்டு பேரும் கத்திக் கத்திச் சிரிக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். மைத்துனரே, இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் பயந்ததில்லை.