எட்டுல எது சாமி?

அன்புள்ள மச்சான் நிரஞ்சன் அவர்களுக்கு,

நோர்வூட்டிலிருந்து நிரோஷன் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அக்காவும் பிள்ளைகளும் அங்கு சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று மத்தியானம் உங்களுக்குப் போன் எடுத்தது நான்தான். "சிக்னல் இல்ல போல" என்று வைத்துவிட்டீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இன்று காலை அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கந்தப்பளைக்கு, உங்கள் வீட்டுக்கு வரப் புறப்பட்டுவிட்டார்கள். எப்படியாவது திருப்பி அனுப்பி வைக்க வேண்டும். எல்லாம் உங்கள் தங்கை பிரேமினியின் முப்பத்தோராம் நாள் காரியத்தில் ஆரம்பித்தது. நீங்கள் பந்தியைப் பார்க்கப் போன நேரம், ஐயர் மந்திரத்தில் "வசுரூபா" என்றார். அத்தைக்கு அது "வசூல் ரூபா" என்று கேட்டிருக்கிறது. "என்னா சாமி, எம்மக காரியத்துலயும் வசூலா? மொதல்லயே பேசியிருக்கலாம்ல" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஐயர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அது காசு இல்லம்மா. வசுக்கள்னு எட்டு தேவருங்க. பூமி, தண்ணி, நெருப்பு, காத்து, ஆகாயம், சூரியன், சந்திரன், நட்சத்திரம். ஒங்க மக இனிமே வசு ரூபத்துல இருப்பாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தேயிலை பெக்டரி எலக்ட்ரீஷியன் நான், எட்டு வயர் இருந்தால் கரண்ட் எதில் என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன். "எட்டுல எது சாமி?"ன்னு கேட்டேன். "அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்கக் கூடாது தம்பி"ன்னுட்டாரு.

அதுலருந்து எனக்கு ஒன்னும் வெளங்கல மச்சான். குழாய மூடப் போனா, இது தண்ணியாச்சேன்னு கை நிக்கிது. அத்தைய அடுப்ப அணைக்க விடல. காத்து உள்ள வரட்டும்னு ஜன்னலச் சாத்த விடல, வந்தது பூராவும் பனி, அத்தைக்கு இருமல். பெக்டரியில கொழுந்து வாட்டுற ஃபேன நிப்பாட்ட மனசு வராம நின்னுட்டேன், கொழுந்தெல்லாம் சருகாப் போச்சு. "ஏன்யா நிப்பாட்டல?"ன்னு பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கேட்டாரு. "பாத்துக்கிட்டிருந்தேன் சார்"ன்னேன். லீவு குடுத்து அனுப்பிட்டாரு.

சரின்னு, பழுது தேடுற மாதிரி ஒன்னொன்னா கழிச்சுப் பாத்தேன். சூரியன் இல்ல, பிரேமினி கறுத்துருவேன்னு கொடை இல்லாம வெளிய வரமாட்டா. தண்ணி இல்ல, காலையில மொகம் கழுவச் சொன்னாலே சண்ட. நட்சத்திரம்னா இந்த ஊரு மூட்டத்துல பாதி நாள் தெரியாது, அவ்வளவு நேரம் பேசாம இருக்கிற ஆளா அவ? கடைசியில அத்தைகிட்ட, "நெருப்பா இருக்குமோ?"ன்னேன். அங்கதான் வந்திச்சு வினை.

"சுட்டுச் சாம்பலாக்கினது பத்தாதா மாப்ள? எம்புள்ளைய அடுப்புல வேற தேடுறீங்களா? எட்டுப் பேரோட இந்த ஒத்த ரூம் காம்பிராவுல குடியிருக்க என்னால ஏலாது"ன்னு பையத் தூக்கிட்டாங்க.

அவங்க போன பொறகு குழாய், அடுப்பு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சேன். வீட்டுல ஒரு சத்தம் இல்ல. அத்தை ஏசுனா அப்படியே பிரேமினி கொரலு மச்சான். அத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. இனி நான் ஒன்னும் கேக்க மாட்டேன்னு மட்டும் சொல்லி, பஸ் ஏத்தி விடுங்க.

தங்கள் இல்லத்தில் எவருக்கும் ஒரு தலைவலிகூட வராமல் மாரியம்மன் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரர்,
நிரோஷன்

பி.கு. அத்தையை அனுப்ப வேண்டாம். அவங்க கந்தப்பளைக்குப் பொறப்படவே இல்ல. அடுத்த லய வரிசையில இருக்கிற ஜெயந்தினி வீட்டுல உக்காந்து, நான் கூப்பிட வருவேன்னு பாத்திருந்திருக்காங்க. நான் போகாததால கோவிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. வந்ததும் இந்தக் கடிதத்த வாங்கிப் பூராவும் வாசிச்சாங்க. கொரலு விஷயம் வந்த எடத்த ரெண்டு தரம் வாசிச்சாங்க. அப்புறம், "நீங்க கேட்டதும் சரிதான் மாப்ள. என்னைய விட்டுட்டுப் போனவள, எந்தப் பக்கம் பாத்து ஏசுறதுன்னு எனக்கும் தெரியணும்ல"ன்னாங்க. அதனால, இனி கேக்க மாட்டேன்னு எழுதினத மட்டும் வெட்டிருங்க. நாளைக்கு ரெண்டு பேருமா ஐயர்கிட்ட போறோம்.