முகமில்லாதவளுக்கு வாய் வரைந்த கதை

ஓகித் தீவு,
வாத்துகள் வந்திறங்கும் மாதம்.

அரண்மனைப் பண்டகசாலையைக் கட்டிக்காக்கும் மதிப்புக்குரிய மொரிகாசு அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சுகெயோரி கடற்கரை மணலில் நெற்றி பட வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும், அக்காவின் கோபமும் அதே அளவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

நான் இங்கே நாடுகடத்தப்பட்டு வந்த காரணம் ஊருக்கே தெரியும். அரண்மனை ஓவியத்தில் யாராக இருந்தாலும் கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. உடையை மாற்றிவிட்டால் பேரமைச்சரும் அவருடைய மாட்டுவண்டிக்காரனும் ஒரே ஆள். நானோ பேரமைச்சர் வீட்டு மடிப்புத்திரையில் அவருக்கு இருக்கிற மூக்கையே அவருக்கு வரைந்தேன். சிரித்தது அவையோர், படகேறியது நான். சரி, போகட்டும். அலைச் சத்தமும் தினைச்சோறும் கருவாடும் பழகிவிட்டன. பழகாதது ஒன்றுதான், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒருநாள் காலை ஊர்த்தலைவர் இவாமாரோ வாசலில் வந்து நின்றார்.

“நீங்க மூஞ்சி வரையறவர்தானே?”

“ஆமாம்.”

“பாசி எடுக்கப் போற பாறையில ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா. மூஞ்சியே இல்ல. அவிச்ச முட்டைய உரிச்சு வெச்சாப்புல இருக்கு. பொம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டேங்குறாங்க. பாசி இல்லாம ஊரே அரைவயிறு. பூசாரியக் கூட்டிட்டுப் போனோம், செருப்ப விட்டுட்டு ஓடிட்டாரு. நீங்கதான் போகணும்.”

“பூசாரியே ஓடியிருக்கிறார், நான் எப்படி?”

“அவருக்குக் கோயில் இருக்கு, குடும்பம் இருக்கு. உங்களுக்குப் போறதுக்கு என்னங்கய்யா இருக்கு?” என்றார், மிகுந்த மரியாதையோடு. போகாவிட்டால் எனக்கும் சோறு வராது என்பதைச் சொல்லாமலே புரியவைத்தார்.

போனேன். பனிமூட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். நான் பயப்படவில்லை என்று எழுதினால் அக்கா சிரிப்பாள், நடுங்கினேன். ஆனால் நடுங்கிக்கொண்டே பார்த்தேன், அத்தான், என்ன ஒரு பரப்பு! ஒரு மறு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நம் அரண்மனைக் கிடங்கில்கூட இப்படி ஒரு காகிதம் கிடையாது. என்னை அறியாமல் கை தூரிகையை எடுத்துவிட்டது. அவளும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். கைப்பழக்கத்தில் ஒரு கொக்கியும் இரண்டு கோடும் இழுத்தேன். எழுந்து நாலடி நடந்தவள் நேராகக் கடலில் விழுந்தாள். நனைந்து திரும்பி வந்து, கோடுகள் கரைந்து வழிய, கண் இருக்க வேண்டிய இடத்தை விரலால் ஓங்கிக் குத்திக் காட்டினாள். கோட்டுக்குள்ளே கண் எப்படித் தெரியும்? வெட்கத்தோடு இரண்டு கண்ணையும் திறந்து வரைந்தேன். முதலில் கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாவமாக இருந்ததே என்று ஒரு வாயும் வரைந்தேன்.

“மனுஷங்க எல்லாருமே இப்பிடித்தான் இருப்பாங்களா, இல்ல நீ மட்டுமா?” இதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

அன்று திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. எத்தனை தலைமுறைப் பேச்சு உள்ளே தேங்கியிருந்ததோ! காலையில் வந்து உட்கார்ந்து, “மூக்கக் கொஞ்சம் சின்னதாக்கு. புருவம் அந்தத் தலைவர் பொண்டாட்டிக்கு இருக்கே, அது மாதிரி வேணும்” என்பாள். புருவம் கேட்டாள், தந்தேன்; உதடு கேட்டாள், தந்தேன்; மோவாய் கேட்டாள், அதையும் தந்தேன். என்ன நடக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் இவாமாரோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஐயா, எம் பொண்டாட்டி கொமகி வீட்ல ரெண்டா ஒக்காந்திருக்கு! ரெண்டும் ஒரே நேரத்துல திட்டுது. எதுக்குப் பயப்படறதுன்னே தெரியல!”

ஓடினேன். இரண்டு பேரையும் முகம் கழுவச் சொன்னேன். ஒருத்தி கழுவினாள். மற்றவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “வேணாம், மாட்டேன்” என்றாள். ஈரத்துணியோடு நான்தான் துடைத்தேன். கண்ணைத் துடைக்கும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் என் வாசலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதிக்காகத்தானே ஏங்கினேன்? ஆனால் தினைச்சோற்றோடு வாசலில் போய் நானே அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். கடைசியில் கொமகி அம்மாளே வந்தாள்.

“என் மூஞ்சியத் திருடுனவதான். ஆனாலும் அது இப்பிடி ஒக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கே மனசு கேக்கல. என்னத்தையாவது வரைஞ்சு விடுங்க. என்னுது மட்டும் வேணாம்.”

முதலில் வாயை வரைந்து, எப்படிப்பட்ட முகம் வேண்டும் என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? பாத்தா நான்னு தெரியணும். அவ்ளோதான்.”

அரண்மனையில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வரைந்தேன். அகலமான நெற்றி, ஒரு கண் மற்றதைவிடச் சற்றுப் பெரிது, அடுத்த வார்த்தைக்குத் தயாராக எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும் உதடு. பாறைக் குட்டைக்குப் போய்த் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். “நான்தான்” என்றாள்.

இப்போது முகத்தில் தண்ணீர் படாமல் பெண்களோடு சேர்ந்து பாசி எடுக்கிறாள். முன்பு பயந்து ஓடியவர்கள் இப்போது அவள் பேச்சுக்குப் பயந்து ஓடுகிறார்கள். ஆனால் அவள் சும்மா இருக்கிறாளா? மலையிலும் காட்டிலும் இருக்கிற தன் இனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ஒற்றைக் கண்ணன் இன்னொரு கண் கேட்டு நிற்கிறான். கழுத்து நீண்டு கூரைவரை போகிற ஒருத்தி, தன் உருவத்தை ஒரே தாளில் அடக்கச் சொல்கிறாள். நான் எங்கே போய்த் தாள் ஒட்டுவேன்? வாசலைத் திறந்தால் கூட்டம், மூடினால் மூடிய கதவுக்குள்ளாகவே புகுந்து வருகிறார்கள். அத்தான், எப்படியாவது பேரமைச்சரைப் பார்த்து என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் தலைமுடி நரைக்கும்வரை உங்கள் பல் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் சூழ்ந்த மைத்துனன்,
சுகெயோரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே படகு வந்துவிட்டது. அதிகாரி இறங்கி, எனக்கு விடுதலை என்றார்; தலைநகரில் எல்லோர் முன்னிலையிலும் பேரமைச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்போது நீளக் கழுத்துக்காரி பாதி வரைந்த நிலையில் உட்கார்ந்திருந்தாள். தூரிகையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. நல்லவேளையாக, நம் பாசிக்காரியின் தம்பி நேற்றுத்தான் வந்து சேர்ந்திருந்தான். அவனுக்கும் முகமில்லை, எது கிடைத்தாலும் சரி என்று தலையை ஆட்டுகிறான். ஆகவே இக்கடிதத்தோடு உங்கள் வீட்டுக்கு எனக்குப் பதிலாக என் சாயலில் வருபவனுக்குச் சூடாகச் சோறு போடுங்கள், மழையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. அவனுக்கு அதற்கென்றே ஒரு வாய் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.