நான் திருத்திய நூலகம்

யாரும் கேட்காமலே உதவி செய்யும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பெரும்பாலும் அதனால் அவதிப்படுவது வீட்டில் இருப்பவர்கள்தான். ஒரே ஒரு முறை மட்டும் பெங்களூரில் ஒரு முழுக் கல்லூரியே அவதிப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் வாணியம்பாடியிலிருந்து வந்து மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். கல்லூரிக்குள்ளேயே தினம் இரண்டு மணி நேரம் வேலை பார்த்தால் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்று அங்கே ஒரு திட்டம் இருந்தது. அதை நம்பித்தான் அப்பா என்னை அனுப்பினார். வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அஞ்சல் வழியில் படிக்க வேண்டியதுதான். அங்கே அத்தை ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அலுவலகத்தில் கேட்டேன். டைப்பிங் தெரியுமா என்றார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு, நாலு வரிக் கடிதத்தை ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் அடித்துக் காட்டினேன். (ரசிச்சு அடிச்சேன்னு வெச்சுக்குங்களேன்.) கடைசியாக நூலகம். நூலகர் வனஜாக்ஷி மேடம் கன்னடக்காரர்; தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழும் சரளமாகப் பேசுவார். கன்னடம் வருமா என்று கேட்டார். "ஸ்வல்ப ஸ்வல்ப" என்றேன். எனக்குத் தெரிந்த மொத்தக் கன்னடமும் அதோடு தீர்ந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன், வேலை பிடித்தால் படிப்பு முடிகிறவரை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த மாதத்துக்குள் தசரா விடுமுறை வந்தது. மேடம் தன் மகளின் பிரசவத்துக்காக மைசூருக்குக் கிளம்பினார். சாவியைக் கொடுத்து, தூசி தட்டி வைக்கச் சொன்னார். கார்டெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். (அதைச் சொல்லாமலே பஸ் ஏறியிருக்கலாம், பாவம்.)

கம்ப்யூட்டர் அந்த நூலகத்துக்கு வராத காலம் அது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கார்டு. எழுதியவர் பெயரை வைத்து அகர வரிசையில் மர டிராயர்களில் அடுக்கியிருப்பார்கள். கார்டில் இருக்கும் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் புத்தகம் வெளியே வரும்.

ஒவ்வொரு டிராயராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சொந்தப் பெயரில், இனிஷியலைக் கடைசியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் 'கார்ட்டர், ஜான்', 'பெர்ரி, ராபர்ட்' என்று இருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. என் முழுப் பெயர் கோவிந்தசாமி தமிழ்ச்செல்வி. கோவிந்தசாமி என்று கூப்பிட்டால் நானா போவேன்? மீசையைத் தடவிக்கொண்டு எங்கப்பா அல்லவா வருவார்? யாரோ ஒரு சோம்பேறி இத்தனை பேரையும் அவரவர் அப்பா பெயரில் போட்டு வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அறிவு வேலை செய்த வேகம் அப்படி.

பத்து நாள். விடுதி மதியச் சாப்பாட்டைக்கூடச் சில நாள் விட்டுவிட்டு, டிராயரின் பித்தளைக் கம்பியை உருவி, ஆயிரக்கணக்கான கார்டுகளைச் சொந்தப் பெயருக்கு மாற்றினேன். ஜான்கள் மட்டுமே இரண்டு டிராயர் பிடித்தார்கள். புதிதாக லேபிளும் ஒட்டினேன். வேலை நிரந்தரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டு விழா மேடையில் பரிசு வாங்கும்போது எந்தப் பாவாடை தாவணி கட்டுவது என்பதுதான் கவலையாக இருந்தது.

கல்லூரி திறந்த அன்று இயற்பியல் துறைத் தலைவர் வந்தார். கார்ட்டரைத் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் பெருமை பொங்கப் போய், அவர் ஜானில் இருக்கிறார் சார் என்றேன். மனிதர் டிராயரைத் திறந்து, அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஜான்?" என்றார் சன்னமாக.

அதற்குள் மைசூரிலிருந்து திரும்பிய கையோடு வனஜாக்ஷி மேடம் வந்துவிட்டார். ஒரு டிராயரை இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கார்ட்டர் எங்கம்மா?"

"அது அவரோட அப்பா பேரு மேடம்."

"அதனால?"

"அவங்கப்பா புக்கு எழுதலியே மேடம்."

"தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு வெளியே சம்பிகே ரோடு வரை கேட்டிருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அன்றைக்குத்தான் துறைத் தலைவர் எனக்கு விளக்கினார். வாணியம்பாடியில் யாருமே இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். நிஜமாகவே அழுதேன். பரிசும் மேடையும் போகட்டும், படிப்பே போய்விட்டது. அத்தை வைத்திருந்த போட்டோ கண் முன்னால் வந்து நின்றது. மறுநாள் காலை சாவியை ஒப்படைக்கப் போனபோது மேடம் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"பிரின்ஸிபால் உன்னை அனுப்பிடுன்னார். நான்தான் முடியாதுன்னேன். உன்னை அனுப்பிட்டா எந்தப் புக்கு எங்க இருக்குன்னு இந்தக் காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியாதே. எல்லாம் பழையபடி ஆகிறவரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது."

பழையபடி ஆவதற்கு இரண்டு வருடம் ஆனது. வேலை பார்க்கும் இரண்டு மணி நேரத்தில் பாதி, பேராசிரியர்கள் கேட்கும் ஆளின் சொந்தப் பெயரைச் சொல்வதிலேயே போய்விடும். கடைசிக் கார்டைச் செருகியபோது நான் மூன்றாம் வருடத்தில் இருந்தேன். அதற்கு மேல் என்னை அனுப்ப மேடத்துக்கும் மனம் வரவில்லை.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் கணவரிடம் சொன்னது என் தப்பு. அவர் அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார். இப்போது எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டில் நான் சமையலறையை ஒழுங்கு செய்து முடித்த மறுநாள் காலையில் வரிசையாகக் குரல் வரும். கணவர் சர்க்கரை டப்பா முன் நின்று, "செல்வி, காப்பிப் பொடி சொந்தப் பேர்ல இருக்கா, அவங்கப்பா பேர்ல இருக்கா?" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் ஒருத்தரும் என்னை அடுக்களைப் பக்கம் வராதே என்று சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்குக் காப்பி கிடைக்காது.