மாவில் எடுத்த அச்சு

மூன்று நாளாகச் சபாபதி நின்றுகொண்டே கோப்பு பார்த்தார். மஞ்சக்குப்பத்து அலுவலகத்தில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்து, ஆள் மாற்றலாகிப் போய்விட்டார் என்று இரண்டு பேர் அதற்குத் துண்டு போட்டு வைத்தார்கள். உட்கார முடிந்தால் அவர் உட்கார மாட்டாரா? எல்லாம் மவுண்டன் பைக்கின் சீட்டு செய்த வேலை.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மலை என்று ஏறினால் ரயில்வே மேம்பாலம்தான். ஆனாலும் போன வருஷம் அந்தச் சைக்கிளில்தான் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார். ஆலப்பாக்கத்தில் வலி தாங்காமல் இறங்கி, மீன் ஏற்றிய மினி லாரியில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் மச்சான் தமிழ்மணி பந்தியில் வைத்து, "மாமா, இந்தத் தடவையும் மீனோடதான் வந்தீங்களா?" என்று கேட்பான். சிரிக்கிறவர்களில் மனைவி விருத்தாம்பாளும் உண்டு. அதுதான் சபாபதிக்கு உறைத்தது. வரும் ஞாயிறு மாமனார் வீட்டில் படையல், சொந்தமெல்லாம் கூடும். சைக்கிளிலேயே போய் இறங்கி அந்தப் பேச்சை முடித்தாக வேண்டும்.

முதலில் ஒரு பஞ்சு உறை வாங்கிச் சீட்டில் மாட்டினார். பாரதி சாலையில் பிரேக் போட்டபோது உறை முன்னால் போனது. அதன் மேலிருந்த சபாபதியும் போனார்.

அடுத்து ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு. உட்கார்ந்தால் சோபா. மிதித்தால்தான் தொடை இரண்டும் உரசிப் புண்ணானது. போதாததற்கு அதன் எடை ஒன்றரைக் கிலோ. தினமும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிற மனிதர் அவர்.

கடைசியில் சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உபைதுல்லாவுக்குப் போன் செய்தார்.

"பாய், வெயிட்டும் இருக்கக்கூடாது, வலிக்கவும் கூடாது. அந்த மாதிரி சீட்டு இருக்கா?"

"இருக்கு சார். மெத்து மெத்துனு இருந்தா போதும்னு நெனக்காதீங்க. உக்கார்றப்ப ரெண்டு எலும்பு கீழ ஊனும்ல? அதுக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு பாத்துதான் சீட்டு எடுக்கணும். எதுலயாச்சும் உக்காந்து அச்சு எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு போட்டோ அனுப்புங்க."

எதில் உட்காருவது? வெள்ளிக்கிழமை காலை, விருத்தாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். கூடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் முறுக்கு மாவு காய்ந்துகொண்டிருந்தது. ஆண்டவனே வழிகாட்டிவிட்டதாகச் சபாபதிக்குத் தோன்றியது. லுங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மாவில் பதமாக உட்கார்ந்தார்.

எழுந்திருக்கும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். இரண்டு வீட்டுக்குப் பால் வாங்கித் தந்து, வீட்டு வேலையும் செய்யும் அமிர்தம் வருகிறாள். இந்தக் கோலத்தில் பார்த்தால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். குளியலறைக்கு ஓடியவர், கழுவி, வேறு லுங்கி கட்டி, அவள் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போன பிறகுதான் வெளியே வந்தார்.

மாவில் அழகாக இரண்டு வட்டம். தாம் இவ்வளவு வட்டமாக இருப்போம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். போனில் 'சிதம்பரம் சைக்கிள்' என்ற பெயருக்கு அடுத்ததாக 'சிதம்பரம் சொந்தங்கள்' என்ற குழு இருந்தது. அவசரத்தில் விரல் அங்கே போய்விட்டது.

ஐந்தாவது நிமிஷம் மாமனார் ராமாமிர்தம் அழைத்தார்.

"மாப்ளே, ரெண்டு பக்கமும் கட்டியிருக்கே. ஏன் சொல்லல?"

"எது மாமா?"

"எக்ஸ்ரேவத்தான் சொல்றேன். பொண்ணு குடுத்தவன்கிட்ட மறைக்கலாமா?"

அது எக்ஸ்ரே இல்லை, இன்னது என்று எந்த மருமகன் மாமனாரிடம் சொல்வான்? "லேசா சளி மாமா," என்று சொல்லிவைத்தார்.

அந்த லேசான சளிக்குப் பத்தரை மணிக்கெல்லாம் கார் வந்துவிட்டது. மாமனார், தமிழ்மணி, ஒரு கூடை சாத்துக்குடி.

"இனிமே சைக்கிள தொடக்கூடாது," என்று மாமனார் பூட்டுச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கோயிலிலிருந்து வந்தது முதல் அழுதுகொண்டிருந்த விருத்தாம்பாள், முகம் கழுவப் போனவள், கையில் ஒரு லுங்கியோடு திரும்பினாள்.

"ஏங்க, இந்த லுங்கில பின்னாடி மட்டும் எப்டிங்க மாவு?"

இனி மறைக்க வழியில்லை. சபாபதி சுவரைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொன்னார். மாமனார் கண்ணாடியைப் போட்டுப் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"இத நான் நம்ம டாக்டருக்கு அனுப்பிட்டனேடா," என்றார் மகனிடம்.

"அவரு என்னா சொன்னாரு?"

"நல்லா இழுத்து மூச்சு விடச் சொன்னாரு."

முதலில் சிரித்தவள் விருத்தாம்பாள்தான். அழுத கண்ணோடு அவள் சிரித்ததில் வீடே சேர்ந்துகொண்டது.

"மாமா, ஊரே பாத்தாச்சு," என்றான் தமிழ்மணி. "இனிமே நீங்க சைக்கிள்ல வரலன்னாதான் அசிங்கம்."

சாவி திரும்பி வந்தது. படத்தை உபைதுல்லாவிடம் அவனே கொண்டுபோய்க் காட்டினான். சனிக்கிழமை பஸ்ஸில் சீட்டு வந்து சேர்ந்தது. ஒல்லியாக, மரக்கட்டை போலக் கெட்டியாக இருந்தது. மளிகைக் கடைத் தராசில் இருநூற்றுப் பத்து கிராம்.

ஞாயிறு காலை சபாபதி மிதித்தார். ஆலப்பாக்கம் வந்தது, போனது. வலி மட்டும் வரவில்லை. முட்லூரில் டீயைக்கூடச் சீட்டை விட்டு இறங்காமல் குடித்தார். கீழவீதியில் மணியடித்துக்கொண்டு நுழைந்தபோது மாமனார் ஓடிவந்து கட்டிக்கொண்டார். பந்தியில் தமிழ்மணி எழுந்து நின்று, "எங்க மாமா முழு தூரமும் உக்காந்தே வந்தாரு," என்று அறிவித்தான். சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் உபைதுல்லாவின் போனுக்குச் சொந்தக்காரர்களின் மாவு அச்சு ஏழு போனது.

சபாபதி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். தூசி தட்ட வந்த அமிர்தம் நின்று பார்த்தாள்.

"இது என்னா சார்?"

"என்னோட அளவு. எல்லாம் சயின்ஸ். இந்த அச்சு இல்லன்னா அந்தச் சீட்டே கெடச்சிருக்காது."

அமிர்தம் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க அளவா? அன்னைக்கு மாவ யாரோ பாழ் பண்ணி வச்சிருந்தாங்க சார். நான்தான் நெரவி உட்டுட்டு, ஈரத்தோட ரெண்டு பால் சொம்பையும் அதுமேல எறக்கி வச்சேன்."