அம்பலவாணரின் நான்காவது பந்து

வாசகரே, நடுவர் என்றொரு இனம் உண்டு. ஞாயிறு மாலையில் ஃபேரர் பார்க் திடலில் சாஃப்ட்பால் பார்க்கப் போனால் கண்ணில் படும். பந்து பிடிப்பவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்கும். பந்து சரியான உயரத்தில் வந்தால் ‘ஸ்டிரைக்’ என்றும், தப்பி வந்தால் ‘பால்’ என்றும், சிராங்கூன் சாலைப் பால்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி முழங்கும். பிறகு விரல்களை உயர்த்தி, இத்தனை பால், இத்தனை ஸ்டிரைக் என்று ஊருக்கே அறிவிக்கும். கண் தெரியுமா? அது வேறு விஷயம்.

கப்பல் கம்பெனிக் குமாஸ்தா அம்பலவாணர் அந்த இனத்தின் தலைமகன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மகளிர் இறுதியாட்டம். இரு அணியும் சமம். கடைசிச் சுற்று, மூன்று தளங்களிலும் மட்டையடிக்கும் அணியின் ஆள். மட்டையோடு நின்றவள் லீலா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவள். நான்கு பால் ஆனால் அவள் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம், மூன்றாம் தளத்துக்காரி உள்ளே வந்து ஓட்டம் எடுத்துவிடுவாள், கோப்பை அவர்களுக்கு. மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். ஏற்கெனவே இரண்டு ஸ்டிரைக், மூன்று பால்.

அடுத்த பந்து தரையில் உருண்டு வந்தது. லீலா மட்டையைப் போட்டுவிட்டு நடந்தாள்.

“எங்க போறீர், பிள்ளை? மூண்டு பால், ரெண்டு ஸ்டிரைக்!”

“நாலாயிடுச்சு சார்!”

கணக்கெழுதும் சேக் தாவூது நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “நாலு கோடு போட்டிருக்கேன் சார், பாருங்க லா.”

அம்பலவாணர் நோட்டைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த எண்ணும் கருவியைப் பார்த்தார். அதுவும் நான்கு என்றது. காது சிவந்தது. பெருவிரலால் மெல்ல அதைப் பின்னுக்குத் திருப்பினார்.

“மூண்டு!” இம்முறை இன்னும் உரக்க.

லீலாவின் கண் கலங்கியது. திரும்பி வந்து மட்டையை எடுத்தாள். அடுத்த பந்து கழுத்து உயரத்தில் வந்தது. விட்டால் இந்த மனிதர் ஸ்டிரைக் என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். பந்து எல்லாருடைய தலைக்கும் மேலே பறந்தது. மூன்றாம் தளத்துக்காரி ஓடிவந்து மட்டையடிக்கும் தளத்தை மிதித்தாள். வெற்றி!

தோழிகள் லீலாவைத் தூக்கினார்கள். அம்பலவாணர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கவா?

“பாத்தீரே, பிள்ளை? நான் மறிச்சதாலதான் உமக்கு இந்த அடி கிடைச்சது.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் மனைவி வெள்ளி என்று காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்த பிறகும், இன்று வியாழன்தான் என்று சாதித்தது யார்? அடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். ஒரே ஒரு குரல்தான் கேட்டது, அது உங்கள் மனைவியுடையது அல்ல.