சாய்வாக வெட்டச் சொன்னவர்

கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை உள்ள மரங்களுக்கு மட்டும் கால் இருந்திருந்தால், கவாத்தைக் கண்டதும் அத்தனையும் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடியிருக்கும். மா, கொய்யா, எலுமிச்சை எதுவானாலும் ரம்பத்தோடு ஏறிக் கிளை கழித்துக் கவாத்து பண்ணுவது தொழில். ஆளுக்கும் அதே பெயர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

கூப்பிடாமலே வருவார். வடக்கனந்தலில் எங்கள் மாமரம் காய்த்து ஓய்ந்த ஓர் ஆடி மாதம், நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி மரம் தரையில் கிடந்தது. வயிறெரிந்து கத்தினேன். மேலேயிருந்து நிதானமாகக் கேட்டார்:

"செத்த கிளைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க, தம்பி? அது உசுரோட இருக்கறதயும் தின்னுடும்."

வெட்டைச் சாய்வாகத்தான் போடுவார். மழைத்தண்ணீர் நின்றால் அழுகிவிடுமாம். வெட்டின வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார். ஒரு கல்யாணத்தில் வாசல் வாழையின் காய்ந்த இலையைப் பார்த்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியவில்லை. எழுந்து போய் வெட்டிவிட்டு, பெண் வீட்டாரிடம் அடியும் வாங்கினார். எங்கள் மரமோ மறு வருஷம் காய்ப் பாரம் தாங்காமல் முட்டுக்கொடுக்க வைத்தது.

மலையில் ஓர் எலுமிச்சைத் தோப்பில் கால் கட்டைவிரலில் முள் ஏறியது. சர்க்கரை உடம்பு, விரல் கறுத்தது. எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். விரல் இல்லாமல் எப்படி மரம் ஏறுவது என்று கவாத்து அங்கிருந்து ஓடியே வந்துவிட்டார். மரத்துக்குப் பூசுகிற பசையையே விரலுக்கும் பூசிக்கொண்டார். கறுப்பு பாதத்துக்கு ஏறியது.

நாங்களெல்லாம் கெஞ்சி ஓய்ந்த பிறகு சம்சாரம் கட்டிலண்டை வந்து உட்கார்ந்தார்.

"செத்த கிளைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்கன்னு ஊரையே கேட்டியே. இப்ப நான் கேக்கறேன், சொல்லு."

கவாத்து காலைக் கட்டிலிலிருந்து மெல்ல இறக்கினார்.

"சரி, வரேன். சாய்வா வெட்டச் சொல்லு. தண்ணி நிக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் ஆட்டோவில் ஏற்றினோம். முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பவில்லை.

இந்த ஆடியில் எங்கள் மாமரத்தில் ஒரு கிளை காய்ந்து நிற்கிறது. தெருவிலிருந்தே தெரியும். வெட்டித் தருகிறேன் என்று வந்தவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்தால் கவாத்துக்குப் பொறுக்காது. கூப்பிடாமலே வருகிற மனிதர்.